மூடப்பட்ட சுரங்கமும் மூடப்படாத கணக்கும்

தம்மைக் கொன்றுகொண்டிருந்த ஒரு தொழிலை மூடக்கூடாது என்று மக்கள் ஏன் ஓராண்டுக் காலம் கூலியின்றிப் போராடினார்கள்? இங்கிலாந்தின் நிலக்கரி ஊர்களின் வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் எழக்கூடிய முதற்கேள்வி இது. இதற்கு ஆயத்தமான இரண்டு விடைகள் உண்டு. பொருளாதாரம் பேசுவோர், 'பழக்கத்தை விட மனமில்லாத மக்கள். இருட்டிலிருந்து வெளியே வரும் வாய்ப்பைப் புரிந்துகொள்ளாதவர்கள்' என்பர். பழமையைப் போற்றுவோர், 'ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுத்த பொற்காலம் அது. அதை இழக்க எவர்தாம் ஒப்புவர்?' என்பர். முதல் விடை அம்மக்களை அறிவற்றவர்களாக்குகிறது. இரண்டாவது அவர்களைச் சித்திரப் பாவைகளாக்குகிறது. இரண்டுமே தவறு என்பது என் துணிபு. அவர்கள் காக்க நினைத்தது சுரங்கத்தையன்று. அதன் வாசலில் மூன்று தலைமுறையாகத் தங்கள் காசில் தாங்களே கட்டிய ஒரு சமூக ஏற்பாட்டை. அது எவருடைய கணக்கிலும் வராமல் போனதே அவ்வூர்களுக்கு நேர்ந்த பேரிழப்பு.

இதைப் பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது நல்லது. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்தின் கடலோரத்தில், ஈசிங்டன் காலியரி என்றோர் ஊர் இருக்கிறது. 'காலியரி' என்றால் நிலக்கரிச் சுரங்கம். ஈசிங்டன் என்னும் பழைய கிராமம் சற்றுத் தொலைவில் மேட்டில் இருக்கிறது. சுரங்கத்துக்காகப் பிறந்த புதிய ஊருக்குச் சுரங்கமே பெயராயிற்று. குழி தோண்டும் பணி 1899இல் தொடங்கியது. நீர் ஊறும் பாறை அடுக்குகளை மீறிக் கரியை எட்டப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. 1910இல்தான் முதற்கரி மேலே வந்தது. பின்னர் வெட்டுமுகங்கள் கிழக்கு நோக்கி வளர்ந்து வடகடலின் அடியில் பல மைல் தூரம் சென்றன. தலைக்கு மேல் பாறை, அதற்கு மேல் கடல், அதனடியில் வேலை.

ஊரின் அமைப்பைப் பார்த்தாலே அது எப்படிப் பிறந்தது என்பது விளங்கும். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற செங்கல் வீடுகளின் நீண்ட வரிசைகள். தெருப்பெயர்களைக்கூட எழுத்து வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு பகுதியின் தெருக்கள் எல்லாம் ஓரெழுத்தில் தொடங்கும், அடுத்த பகுதியின் தெருக்கள் அடுத்த எழுத்தில். நம் ஊர்களில் ஒரு தெருவின் பெயரைக் கேட்டால் சாதியோ, கோயிலோ, குளமோ, மறைந்த பெரியவர் ஒருவரோ நினைவுக்கு வருவர். அங்கே பெயரில் நினைவு ஏதுமில்லை. ஆள் சேர்க்க வேண்டிய அவசரம் மட்டுமே இருந்தது. அப்படிப்பட்ட இடம் இரண்டு தலைமுறைக்குள் ஓர் 'ஊர்' ஆயிற்று என்பதுதான் வியப்பு.

அதை விளங்கிக்கொள்ள டர்ஹாம் சுரங்கத் தொழிலாளரின் முன்வரலாற்றைச் சற்றே தொட வேண்டும். அங்கே 1872 வரை 'ஆண்டு ஒப்பந்தம்' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி ஆண்டுக்கொருமுறை கையெழுத்திடுவான், பெரும்பாலும் கைநாட்டு. அதன்பின் ஓராண்டுக்கு அந்த முதலாளியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் சிறை. குடியிருந்த வீடும் முதலாளியுடையதே. ஆகவே வேலை போனால் வீடும் போகும். 1844ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகத் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியே தள்ளப்பட்டன. சுரங்க முதலாளிகளுள் பெரியவரான லண்டன்டெரி பிரபு, வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கடனில் பொருள் கொடுக்கும் சீஹாம் நகர வணிகர்களை எச்சரித்துக் கடிதமே எழுதினார். நிலம், வீடு, கடை, கூலி எல்லாம் ஒரே கையில் இருந்த காலம் அது. கிராமிய ஒற்றுமை என்று பேசுகிறோமே, அதற்கு அங்கே இயல்பான அடித்தளம் எதுவும் கிடையாது. வெவ்வேறு இடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மாற்றான் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள் அவர்கள்.

இந்நிலையிலிருந்து அவர்கள் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். 1869இல் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கிளை. அதை 'லாட்ஜ்' என்பர். வெட்டிய கரியை முதலாளியின் ஆள் எடை போட்டால் குறையும் என்பது அனுபவம். எனவே எடையைச் சரிபார்க்கத் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் கூலியிலிருந்தே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கூட்டுறவுப் பண்டகசாலைகள் வந்தன. மெதடிஸ்டு வழிபாட்டு மன்றங்கள் வந்தன. அங்கே பிரசங்கம் செய்யப் பழகியவர்களே பின்னர்ச் சங்க மேடையிலும் பேசினர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவுடன் வீட்டையும் இழக்கும் முதியவர்களுக்காக 1898இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. வேலையிலிருப்போர் தம் கூலியிலிருந்து கொடுத்த சிறுதொகையைக் கொண்டு முதியோர்க்கு வாடகையற்ற வீடுகள் எழுந்தன. அரசு முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றிச் சட்டம் இயற்றியது 1908இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கிழவர்களுக்குக் கூரை போடத் தொடங்கிவிட்டார்கள். அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது 'கேவில்' என்னும் சீட்டுக் குலுக்கல். சுரங்கத்தில் எல்லா இடமும் ஒன்றல்ல. ஓரிடத்தில் கரி உயரமாகவும் மென்மையாகவும் இருக்கும். வேறோரிடத்தில் முட்டியளவு உயரத்தில், தண்ணீருக்குள் படுத்தபடி வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய அளவுக்குத்தான் கூலி. ஆகவே எவருக்கு எந்த இடம் என்பதை மேலாளர் தீர்மானித்தால், அவருக்கு வேண்டியவன் பிழைப்பான். சங்கத்தில் பேசுபவன் தண்ணீரில் கிடப்பான். டர்ஹாம் தொழிலாளர் இதற்குக் கண்ட வழி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டெடுத்து இடங்களைப் பகிர்ந்துகொள்வது. நமக்கு உத்தரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வரலாம். அங்கே சீட்டு எடுத்தது அதிகாரத்தைப் பகிர. இங்கே துன்பத்தைப் பகிர. ஒரு கரிமுகத்தில் சேர்ந்து உழைத்துக் கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் கூட்டாளியை 'மர்ரா' என்பார்கள். அன்பினால் விளைந்த சொல் என்று இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அச்சொல்லின் அடியில் இருப்பது ஒரு கூலிச்சீட்டு. அன்பு அந்தச் சீட்டின்மேல் வளர்ந்தது.

நான் வலியுறுத்த விரும்புவது இதுதான். கூட்டுணர்வு என்பதை ஒரு மக்கட்கூட்டத்தின் பிறவிக் குணமாகப் பேசுகிற வழக்கம் நம்மிடம் மிகுதி. 'அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் டர்ஹாம் ஊர்களைப் பார்த்தால், அது குணமன்று, ஏற்பாடு என்பது தெளிவாகும். சந்தா, கணக்குப் புத்தகம், சீட்டுப்பெட்டி, தேர்தல், கூட்டக் குறிப்பேடு ஆகியவற்றால் ஆன ஏற்பாடு. பீட்டர் லீ என்பவரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1864இல் பிறந்து, பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். பின்னாளில் தாமே முயன்று கற்று, எடை சரிபார்ப்பவராகவும் பிரசங்கியாராகவும் சங்கத் தலைவராகவும் உயர்ந்தார். 1919இல் இங்கிலாந்திலேயே முதன்முதலாகத் தொழிற்கட்சியின் ஆட்சிக்கு வந்த மாவட்ட மன்றமாக டர்ஹாம் ஆனபோது அதன் தலைவர் அவரே. ஊருக்குக் குடிநீர் கொண்டுவருவதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். லாட்ஜின் கூட்டங்களில் பெற்ற பயிற்சியே மாவட்டத்தை ஆளும் பயிற்சியாயிற்று.

இந்த ஏற்பாட்டின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் நானும் சித்திரம் தீட்டுபவனாகிவிடுவேன். 1842ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. ஆயினும் சுரங்கம் அவர்கள் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. கணவன் ஒரு ஷிப்டு, மூத்த மகன் ஒரு ஷிப்டு, இளையவன் வேறொரு ஷிப்டு என்றால், இரவென்றும் பகலென்றும் இல்லாமல் ஒருத்தி வெந்நீர் காய்ச்ச வேண்டும், உணவு கட்ட வேண்டும், கரித்தூள் படிந்த துணிகளைத் துவைக்க வேண்டும். சுரங்க வாசலில் குளியலறைகள் வரும் வரை, அடுப்பங்கரைத் தகரத் தொட்டியில்தான் குளியல். லாட்ஜ் கூட்டத்தில் அவளுக்கு வாக்கில்லை. அவளுடைய உழைப்பு எந்தக் கூலிச்சீட்டிலும் இல்லை. தொழிலாளர் ஒற்றுமை என்ற பெருங்கட்டடத்தின் அடித்தளத்தில் இந்தக் கணக்கில் வராத உழைப்புக் கிடந்தது. அதைக் கணக்கில் எடுக்காத எந்த ஏக்கமும் பாதி ஏக்கமே.

இனி மரணம். 1951 மே 29ஆம் நாள், விடியற்காலை நான்கரை மணியளவில், ஈசிங்டன் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் பாறையிலிருந்த கந்தகக் கனிமத்தில் உரசித் தெறித்த பொறி மீத்தேன் வாயுவில் பற்றி, அது கரித்தூளைப் பற்றவைத்துச் சுரங்க வழிகளெங்கும் பாய்ந்தது. ஒரு ஷிப்டு முடிந்து மறு ஷிப்டு வந்து சேரும் நேரமாதலால் இரு ஷிப்டுகளின் ஆட்களும் அங்கிருந்தனர். 81 தொழிலாளர்களும், மீட்கச் சென்றவர்களில் இருவரும், ஆக 83 பேர் மாண்டனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த கதவுகளில் சாவு. அப்போது சுரங்கம் முதலாளியுடையதன்று. 1947 சனவரி முதல் நாள் நாடு முழுவதும் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டு, மக்களின் சார்பில் நிர்வகிக்கப்படுவதாக அறிவிப்புப் பலகைகள் நடப்பட்டு நான்காண்டுகள் ஆகியிருந்தன. உடைமை மாறினாலும் வாயுவின் இயல்பு மாறவில்லை.

இத்தகைய சாவுகளை அந்த ஊர்கள் எப்படித் துக்கித்தன என்பது இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 1934இல் வட வேல்ஸில் கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் 266 பேர் இறந்தார்கள். அவர்களின் நினைவாக ராபர்ட் செயிண்ட் என்ற வடகிழக்குச் சுரங்கத் தொழிலாளி ஓர் இசைக்கோவை இயற்றினார். 'கிரெஸ்ஃபோர்டு' என்பதே அதன் பெயர். அதற்குச் சொற்கள் கிடையாது. பேண்டு வாத்தியக் குழு வாசிக்கக் கேட்பதற்கானது. டர்ஹாம் நகரில் 1871 முதல் நடந்துவரும் சுரங்கத் தொழிலாளர் திருவிழாவில், ஒவ்வோர் ஊரும் தன் லாட்ஜின் பட்டுப் பதாகையைத் தூக்கிக்கொண்டு, தன் வாத்தியக் குழுவோடு தெருவழியே வரும். அவ்வாண்டில் சாவு நேர்ந்த சுரங்கத்தின் பதாகையில் கறுப்புத் துணி சுற்றப்பட்டிருக்கும். அதைக் கண்டவுடன் கூட்டம் அடங்கும். நம் கையறுநிலைப் பாடல்களையும் ஒப்பாரியையும் பாடம் நடத்தும் எனக்கு, சொல்லே இல்லாத இந்தக் கையறுநிலை புதிதாகத் தோன்றுகிறது. புலம்பலைத் தனிமனிதக் குரலுக்கு விடாமல் முப்பது பேரின் மூச்சாக மாற்றிக்கொண்டார்கள். அதற்கும் ஒத்திகை வேண்டும், வாத்தியம் வாங்கப் பணம் வேண்டும், ஒத்திகைக்கு ஓர் அறை வேண்டும். துக்கமும் ஓர் ஏற்பாடே.

இந்த ஊர்களை முதலில் சாகடிக்க முயன்றது மார்கரெட் தாட்சரின் அரசு அன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1951இல், அதாவது ஈசிங்டன் வெடிவிபத்து நிகழ்ந்த அதே ஆண்டில், டர்ஹாம் மாவட்ட மன்றத்தின் வளர்ச்சித் திட்டம் ஊர்களை நான்கு வகைகளாகப் பிரித்தது. நான்காவதான 'டி' வகையில் 114 ஊர்கள். அவற்றின் சுரங்கங்கள் தீர்ந்துவிட்டன அல்லது தீரப்போகின்றன. எனவே புதிய வீடோ வசதியோ செய்வதில்லை, இருப்பவை பழுதானால் இடித்துவிடலாம், மக்கள் மெல்ல வேறிடம் போகட்டும் என்பது கொள்கை. இதை வகுத்தது தொழிற்கட்சி ஆண்ட மன்றம். சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் அமர்ந்திருந்த மன்றம். நல்லெண்ணம் இல்லாமலில்லை. நல்ல வீடு, நல்ல வேலை, நவீன நகரம் தர வேண்டும் என்றே நினைத்தார்கள். அப்படி 1948இல் ஈசிங்டன் அருகே அறிவிக்கப்பட்ட புதிய நகரத்துக்குப் பீட்டர் லீயின் பெயரையே வைத்துப் 'பீட்டர்லீ' என்றழைத்தார்கள். ஆயினும் 'டி' என்று முத்திரை குத்தப்பட்ட ஊர்களின் மக்கள் எதிர்த்தார்கள். குழாய் இல்லாத, இடிந்துகொண்டிருந்த வீடுகளைவிட்டுப் போக ஏன் மறுக்கிறார்கள் என்று திட்டமிடுவோர்க்கு விளங்கவில்லை. அவர்கள் எண்ணியது வீடுகளை. அம்மக்கள் எண்ணியது அவ்வீடுகளுக்கு இடையே இருந்தவற்றை. அக்கொள்கை 1977இல்தான் கைவிடப்பட்டது.

அடுத்தது 1984. இருபது சுரங்கங்களை மூடுவதென்றும் இருபதாயிரம் வேலைகளை நீக்குவதென்றும் தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்ததையடுத்து மார்ச் மாதம் வேலைநிறுத்தம் பரவியது, ஓராண்டு நீடித்தது. ஈசிங்டன் அதில் உறுதியாக நின்றது. ஆகஸ்டில் ஒரே ஒரு தொழிலாளியை வேலைக்கு அழைத்துச் செல்லும் பொருட்டுப் பெரும் போலீஸ் படை ஊருக்குள் இறக்கப்பட்டது. அதுவரை லாட்ஜில் வாக்கில்லாதிருந்த பெண்கள், அப்போது சங்க மன்றங்களைச் சமையற்கூடங்களாக்கி ஊருக்கே சோறு போட்டார்கள், மேடையேறிப் பேசினார்கள், ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்கள். பழைய ஏற்பாட்டின் குறையை அதன் கடைசி ஆண்டில் அவர்களே திருத்தினார்கள் எனலாம். 1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் உடன்பாடு ஏதுமின்றி முடிந்தது. வேலைக்குத் திரும்பியவனோடு அண்ணன் தம்பியே பேசாதிருந்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கசப்பையும் ஒற்றுமையின் கணக்கிலேயே எழுத வேண்டும். கட்டிக்காக்கப்பட்ட நம்பிக்கை உடையும்போதுதான் அத்தனை கசப்புப் பிறக்கும்.

1992 அக்டோபரில் ஒரே அறிவிப்பில் 31 சுரங்கங்களை மூடத் திட்டம் வெளியானது. 1993 மே மாதம் ஈசிங்டன் மூடப்பட்டது. ஏறத்தாழ 1400 பேர் வேலையிழந்தனர். கரி தீர்ந்து மூடவில்லை. கடலடியில் கரி இன்னும் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் மங்க்வேர்மவுத் சுரங்கமும் மூடப்பட, டர்ஹாம் கரிவயலின் ஆழ்சுரங்கத் தொழில் முற்றுப்பெற்றது.

பாலை என்று தனியே ஒரு நிலம் இல்லை, வெம்மையால் பிற நிலங்கள் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலைக்கே அப்பெயர் என்பது சிலப்பதிகாரம் வழி நாம் அறிந்த கருத்து. ஈசிங்டனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இக்கருத்து நினைவுக்கு வருகிறது. அங்கே கடல் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. பல்லாண்டுகளாகச் சுரங்கக் கழிவு கொட்டிக் கறுத்துக் கிடந்த கடற்கரையை 1997 முதல் 2002 வரை ஒரு பெருந்திட்டத்தின் கீழ்த் தூய்மைப்படுத்தினார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட எழிற்கரை. சுரங்கம் இருந்த மேட்டில் பறவைகளும் காட்டுப்பூக்களும். நினைவுச்சின்னமாக, ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டு ஒன்று நிற்கிறது. முதற்பொருள் முன்னைவிட அழகாகிவிட்டது. உரிப்பொருள்தான் இல்லாமற் போயிற்று. தாட்சர் அரசின் கணக்கிலும் சரி, 'டி' வகைக் கணக்கிலும் சரி, உரிப்பொருளுக்கு ஒரு பத்தி இருந்ததில்லை.

இலக்கியமும் கலையும் இங்கே என்ன செய்திருக்கின்றன? நண்பர்கள் பலர் 'பில்லி எலியட்' (2000) திரைப்படத்தைப் பார்த்திருக்கக்கூடும். வேலைநிறுத்தக் காலத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் பாலே நடனக் கலைஞனாகும் கதை. ஈசிங்டனில்தான் பெரும்பகுதி படமாக்கப்பட்டது. எலியட் குடும்பத்தின் வீடாகக் காட்டப்பட்ட தெருவும் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. நல்ல படமே. ஆயினும் அதன் கதைப்போக்கு எனக்கு உறுத்துகிறது. ஊர் மூச்சடைக்கும் இடம், திறமையுள்ளவன் தப்பித்துப் போக வேண்டும் என்பதே அதன் அடிக்குரல். வரலாறு வேறு மாதிரி. டர்ஹாமிலேயே ஸ்பென்னிமூர் என்ற சுரங்க ஊரில் 1931இல் ஒரு கல்விக் கலை மன்றம் நிறுவப்பட்டது. மக்கள் அதைச் சுரங்கத் தொழிலாளரின் கலைக்கழகம் என்றே அழைத்தனர். அங்கே நாடகமும் ஓவியமும் நூலகமும் இருந்தன. பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கிய நார்மன் கார்னிஷ் (1919-2014) அங்கிருந்தே ஓவியரானார். 'த லீப்பிங் லேட்' (1946) சிறுகதைத் தொகுதியையும் 'த தின் சீம்' (1950) நாவலையும் எழுதிய சிட் சாப்ளினும் அங்கே பயின்றவரே. இவர்கள் தப்பித்து ஓடிக் கலைஞர்களாகவில்லை. ஊரே அவர்களுக்குக் கலையைத் தந்தது. பகலில் கரி வெட்டிக்கொண்டே அவர்கள் அதைச் செய்தார்கள். கு.சின்னப்ப பாரதி 'சுரங்கம்' எழுத வங்காளத்துக் கரிவயல்களைத் தேடிப் போனார். சாப்ளின் தன் வேலையிடத்திலிருந்தே எழுதினார். இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆனால் இரண்டாவது நிகழ வேண்டுமானால் ஊரில் ஒரு மன்றம் இருந்தாக வேண்டும்.

மொழியையும் குறிப்பிட வேண்டும். அவ்வூர்களில் 'பிட்மாடிக்' என்றொரு பேச்சுவழக்கு இருந்தது. சுரங்கத்தின் ஒவ்வொரு மூலைக்கும் கருவிக்கும் ஓசைக்கும் அதில் சொல் உண்டு. கூரை முனகுவதைக் கேட்டு எந்த முனகல் ஆபத்து என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவன் பிழைக்க முடியாது. எனவே அம்மொழி உயிர்காப்பு மொழி. கவிஞர் பில் கிரிஃபித்ஸ் அச்சொற்களைத் தொகுத்து 2007இல் நூலாக்கினார். அதே ஆண்டில் மறைந்தார். அவற்றுள் 'கோஃப்' என்று ஒரு சொல். கரி முழுவதையும் எடுத்தபின், முட்டுக்கொடுத்த கட்டைகளையும் உருவிக்கொண்டு, கூரை தானாக இடிந்து விழும்படி விட்டுவிடுகிற வெற்றிடத்துக்குப் பெயர் அது. 1993க்குப் பிறகு அந்த ஊர்களுக்கு நடந்ததை விவரிக்க வேறு சொல் தேட வேண்டியதில்லை. கட்டைகளை உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். நிலக்கரி எரிப்பது புவியை வெப்பமாக்குகிறது. அத்தொழில் என்றேனும் முடியத்தானே வேண்டும்? உண்மை. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. கடைசி அனல்மின் நிலையம் 2024 செப்டம்பர் 30ஆம் நாள் நிறுத்தப்பட்டது. நான் அதற்காக வருந்தவில்லை. நுரையீரலில் கரித்தூளோடு மூச்சுக்குத் தவிக்கும் முதியவர்களைப் பற்றிப் படித்த எவரும் வருந்தமாட்டார்கள். ஆனால் 1984இல் சுரங்கங்களை மூடக் காட்டிய காரணம் புவிவெப்பமன்று, நட்டம். நட்டக்கணக்கில் டன் ஒன்றுக்கு ஆகும் செலவு இருந்தது. ஒரு வாத்தியக் குழு, ஒரு முதியோர் இல்லம், எடை சரிபார்த்துப் பழகிய ஒரு தலைமுறையின் நேர்மை, கூட்டம் நடத்தத் தெரிந்த மனிதர்கள் ஆகியவற்றின் மதிப்பு அதில் இல்லை. தொழிலை மூடலாம், அத்தொழில் வளர்த்த நிறுவனங்களுக்கு வேறு ஊன்றுகோல் கொடுத்துவிட்டு மூட வேண்டும். அப்படிச் செய்ய ஒரு தலைமுறைக் காலம் இருந்தது. செய்யவில்லை.

விளைவு இன்றும் தொடர்கிறது. தொழிலாளர் ஓய்வூதிய நிதியின் உபரியில் பாதியை 1994 முதல் அரசு எடுத்துக்கொண்டு வந்தது. முப்பதாண்டுக்குப் பின், 2024 அக்டோபரில்தான், அந்நிதியின் 150 கோடி பவுண்டு இருப்பை முன்னாள் தொழிலாளர்களுக்கே விட்டுக்கொடுக்க அரசு முன்வந்தது. ஓய்வூதியம் 32 விழுக்காடு உயர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போயிருப்பார்கள்? 1984 ஜூனில் ஆர்கிரீவ் என்னுமிடத்தில் தொழிலாளர்மீது போலீஸ் நடத்திய தாக்குதல் குறித்துச் சட்டபூர்வ விசாரணை நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது 2025 ஜூலையில். 2016 வாக்கெடுப்பில் டர்ஹாம் மாவட்டம் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் பக்கமே நின்றது. பீட்டர் லீ தலைமை தாங்கிய அதே மாவட்ட மன்றம் 2025 மே தேர்தலில் வலதுசாரி ரிஃபார்ம் கட்சியின் கைக்குப் போயிற்று. 'மக்கள் மாறிவிட்டார்கள்' என்று லண்டனில் எழுதுகிறார்கள். மக்கள் எங்கே விவாதித்துப் பழகினார்களோ அந்த அறைகளைப் பூட்டிவிட்டு, அவர்கள் ஏன் முன்போல் விவாதிப்பதில்லை என்று கேட்பது நியாயமா?

நமக்கும் இதில் பாடம் உண்டு. ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் நெய்வேலியிலும் என்றேனும் ஒருநாள் கடைசி வண்டி மேலே வரும். அன்று இழப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கிறவர்கள் வேலைகளையும் வீடுகளையும் எண்ணுவார்கள். அவற்றை எண்ண வேண்டியதுதான். அத்துடன், அவ்வூர் மக்கள் தங்களுக்குள் என்னென்ன கட்டிக்கொண்டார்கள் என்பதையும், நெய்வேலியைப் பொறுத்தவரை சுரங்கம் வருவதற்கு முன்பே அங்கிருந்து பெயர்க்கப்பட்ட ஊர்கள் எவற்றைக் கட்டி வைத்திருந்தன என்பதையும் எவரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். மூடுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். இலக்கியம் படிக்கிற நாம் செய்யக்கூடிய வேலை அது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, ஒரு சுரங்கம்கூட எஞ்சியிராத டர்ஹாமில் இன்றும் பதாகைகள் வருகின்றன. நைந்துபோன பட்டுக்குப் பதிலாகப் புதிய பதாகைகளை ஊர்க்குழுக்கள் பணம் திரட்டிச் செய்கின்றன. அவற்றைத் தூக்கிவரும் பலர் சுரங்கத்தைக் கண்ணால் கண்டதில்லை. இதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பதாகை செய்ய ஊர் கூட வேண்டும். செயலாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காசுக்குக் கணக்கு வைக்க வேண்டும். அவர்களின் முன்னோர் 1869இல் தொடங்கியதும் அந்த வேலையைத்தான்.